பழைய சிறு விமானத்துக்குப் புதுக் கருவி: சிங்கப்பூர் வானத்துக்கு எது பொருந்தும்?

சிங்கப்பூரில் கார் வைத்திருப்பவருக்குப் பத்தாண்டுக் கணக்கு மனத்தில் ஊறிப்போன ஒன்று. சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழ் முடிந்ததும் வண்டியை ஒப்படைக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடியும் பெருந்தொகை கட்ட வேண்டும். நாற்பது வயது வாகனத்தைப் பராமரித்துப் பழகியவர்கள் இங்கே மிகச் சிலர். சிறு விமானத்தின் கணக்கு வேறு. செஸ்னா 172 விற்பனைக்கு வந்தது 1956இல். 1986இல் அதன் உற்பத்தி நின்று, பத்தாண்டு இடைவெளிக்குப் பிறகே மீண்டும் தொடங்கியது. பைப்பர் செரோக்கி 1960களின் தொடக்கத்தில் வந்தது. ஆகவே தனியார் ஒருவர், அல்லது நான்கைந்து பேர் பங்கு போட்டு, கைக்கெட்டும் விலையில் வாங்கும் விமானம் பெரும்பாலும் 40 முதல் 50 வயதானதாகவே இருக்கும்.

அப்படி ஒன்று கைக்கு வந்ததும் கண் நேராகக் கருவிப் பலகைக்குப் போகும். மங்கிய வட்ட முகப்புகளை எடுத்துவிட்டு வண்ணத் திரை போட வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பு. ஆனால் விற்பனைத் தாள்கள் பெரும்பாலும் அமெரிக்க வானத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றில் உள்ள பாதி வசதிகள் சிறு விமானங்கள் இயங்கும் சிலேத்தார் விமான நிலையத்திலிருந்து கிளம்பும் விமானத்தில் வேலை செய்யாது. இங்குள்ள உப்புக் காற்றும் ஈரமும் விமானத்துக்குச் செய்யும் கேட்டைப் பற்றி அந்தத் தாள்களில் ஒரு வரியும் இருக்காது. எனவே பணத்தை முதலில் உடம்புக்கும் எஞ்சினுக்கும் செலவிட வேண்டும், அடுத்து உயிர்காப்புப் பொருட்களுக்கு. திரைகளின் முறை அதற்குப் பிறகுதான்.

தரைவிரிப்புக்கு அடியில் இருப்பது

மழையில்லாத நாளிலும் சிங்கப்பூரில் விடியற்காலை ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், பிற்பகலில்தான் 60 அளவுக்கு இறங்கும். சிலேத்தாருக்கு வடக்கே ஜோகூர் நீரிணை இருப்பதால் அந்த ஈரத்தில் உப்பும் கலந்து வரும். செஸ்னா நிறுவனம் 1960, 70களில் தயாரித்த விமானங்களில் பலவற்றின் உட்புற அலுமினியத் தகடுகளுக்குத் துருத்தடுப்புப் பூச்சு கிடையாது. வாங்குபவர் கூடுதல் பணம் கொடுத்துக் கேட்டிருந்தால்தான் பூசினார்கள். அரிசோனாவில் நாற்பது ஆண்டு நின்ற விமானம் பளிச்சென்று இருப்பதற்குக் காரணம் அங்குள்ள வறண்ட காற்று. அதே விமானம் இங்கே வந்து இரண்டு மழைக்காலம் திறந்தவெளியில் நின்றால் தகட்டு இணைப்புகளுக்குள் வெள்ளைப் பொடி தென்பட ஆரம்பிக்கும்.

உள்அலங்காரத்தைப் புதுப்பிக்க நினைப்பவர் அந்த வேலையையே சோதனைக்கான வாய்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். இருக்கைகள், விரிப்பு, பக்கவாட்டுப் பலகைகள் எல்லாவற்றையும் கழற்றியதும் தகட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் பழைய பஞ்சு அல்லது நுரைக் காப்பை முழுவதும் சுரண்டி எடுங்கள். அது தண்ணீரை உறிஞ்சி மாதக்கணக்கில் தகட்டோடு அணைத்து வைத்திருக்கும். பிறகு பார்க்க வேண்டிய இடங்கள்: மிதியடிகளுக்குக் கீழுள்ள தரை, பேட்டரிப் பெட்டியைச் சுற்றிய பகுதி, பின்கண்ணாடிக்கு அடியில் மழை கசியும் இடம், இறக்கையின் அசையும் பகுதிகளான ஃபிளாப், எய்லரான் ஆகியவற்றின் கீல்கள், இறக்கைத் தாங்குசட்டம் உடலோடு சேரும் இடம். செரோக்கி வகையில் இந்தக் கடைசி இடத்துக்குத் தனிக் கவனம் தேவை. 2018 ஏப்ரலில் ஃபுளோரிடாவின் டேட்டோனா பீச்சில் பைப்பர் பயிற்சி விமானம் ஒன்றின் இறக்கை தாங்குசட்டத்தில் ஏற்பட்ட களைப்பு வெடிப்பால் பிரிந்து விழுந்தது. அதன் பின்னர் செரோக்கி குடும்பத்தைச் சேர்ந்த பிஏ-28, பிஏ-32 வகைகளில் பலவற்றுக்கு, பறந்த மணிக்கணக்கைப் பொறுத்து, அந்தப் போல்ட் துளைகளை கண்ணுக்குத் தெரியாத வெடிப்பை மின்காந்தத்தால் கண்டறியும் எடி கரண்ட் முறையில் சோதிக்க 2021இல் அமெரிக்காவில் கட்டாய உத்தரவு வந்தது. வாங்கும் முன்பே அந்தச் சோதனை முடிந்ததற்கான பதிவைக் கேளுங்கள்.

துரு சிறிதாக இருந்தால் சுத்தம் செய்து பூச்சுப் போடலாம். அதற்கு மேல் ஏசிஎஃப்-50 அல்லது கரோஷன்எக்ஸ் போன்ற எண்ணெய்ப் படலத்தை இறக்கைக்குள்ளும் வாலுக்குள்ளும் புகைபோல் செலுத்துவார்கள். ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். இதில் வரிசைதான் முக்கியம். இந்த எண்ணெய் ரிவெட் இடுக்குகளில் ஊர்ந்து வாரக்கணக்கில் வெளியே கசியும். அதன் மேல் பெயின்ட் ஒட்டாது, சீலன்ட் பிடிக்காது, புது ஆன்டெனாவின் அடித்தளம் தகட்டோடு சரியாகத் தொடர்பு கொள்ளாது. எனவே பெயின்ட், ஆன்டெனா, கண்ணாடி வேலைகள் அனைத்தையும் முடித்துவிட்டுக் கடைசியாகவே எண்ணெய் அடிக்க வேண்டும். முதலில் அடித்துவிட்டுப் பிறகு ஆன்டெனா பொருத்தப் போனால் ஒவ்வோர் இடத்தையும் கரைப்பானால் துடைத்தெடுக்கும் கூலியே தனியாக ஒரு பில் வரும்.

மலிவான பொருட்களும் இங்கே பெரிய வேலை செய்கின்றன. வேகமானிக்குக் காற்றழுத்தம் தரும் பிட்டோ குழாயில் குளவி கூடு கட்டுவதற்குச் சில மணி நேரமே போதும், அடைபட்ட குழாய் ஓடுதளத்தில் வேகமானியைச் செயலிழக்கச் செய்துவிடும். எஞ்சின் மூடியின் காற்றுத் துளைகளை மைனாக்கள் விட்டுவைப்பதில்லை. சிவப்பு நாடா தொங்கும் பிட்டோ உறை, எஞ்சின் துளை அடைப்பான்கள், எரிபொருள் தொட்டியின் காற்றுக்குழாய் வாய்க்கு வலை ஆகியவை புதுத் திரையின் விலையில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. செஸ்னா இறக்கையின் மேற்பரப்போடு சமமாக அமைந்த பழைய எரிபொருள் மூடிகளில் ரப்பர் வளையம் காய்ந்து மழைநீர் தொட்டிக்குள் இறங்கும். குடைபோல் கவியும் மாற்று மூடிகளுக்கு எஸ்டிசி, அதாவது விமானத்தில் மாற்றம் செய்வதற்கான துணை வகைச் சான்றிதழ், உண்டு. அடிக்கடி இடிமழை பெய்யும் ஊரில் அது மிக நல்ல முதலீடு.

பறக்காத எஞ்சினே கெடுகிறது

தனியார் விமானங்கள் பல ஆண்டுக்கு 50 மணி கூடப் பறப்பதில்லை. இவற்றில் பலவற்றில் உள்ள லைக்கமிங் நிறுவன எஞ்சின்களுக்குப் பெரும்பாலும் 2,000 மணி அல்லது 12 ஆண்டு, இவற்றில் எது முன்னால் வருகிறதோ அப்போது எஞ்சினை முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கும் ஓவர்ஹால் செய்ய வேண்டும் என்பது நிறுவனத்தின் பரிந்துரை. அந்த 12 ஆண்டுக் கணக்கு ஏன் என்று புரிந்துகொள்ள எஞ்சினின் அமைப்பைப் பார்த்தால் போதும். லைக்கமிங்கில் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட், பிஸ்டன்களால் சுழலும் கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. எஞ்சினை அணைத்ததும் அதன் மேலுள்ள எண்ணெய் வடிந்துவிடும், இரண்டு வாரத்தில் உலோகம் வெறுமையாகும். விடியற்காலை ஈரம் அதன் மேல் படிந்து நுண்துருவாகிறது. அடுத்த முறை ஓட்டும்போது அந்தத் துரு அரைபொருளாக மாறி, கேமின் மேல் உரசும் டாப்பெட்டின் முகத்தைப் பெயர்க்கிறது. எண்ணெய் ஃபில்டரை வெட்டிப் பார்த்தால் மினுக்கும் இரும்புத் துகள்கள் கிடைப்பது அதன் பிறகுதான். அப்போது எஞ்சினைப் பிரிக்காமல் வேறு வழியில்லை.

தரையில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு அணைப்பது உதவி அல்ல, கேடு. எரிப்பில் உண்டாகும் நீராவி எண்ணெயில் கலக்கும், ஆனால் அது ஆவியாகி வெளியேறும் சூட்டை எண்ணெய் எட்டாது. எண்ணெய் வெப்பம் 75 முதல் 80 டிகிரி செல்சியஸைத் தொட்டு அரைமணி நேரமாவது நிலையாகப் பறந்தால்தான் பயன். பறக்க முடியாத வாரங்களுக்கு எளிய தீர்வு ஒன்று உண்டு. மீன்தொட்டிக்குக் காற்று ஊதும் சிறு பம்ப், ஒரு கிலோ சிலிக்கா ஜெல் நிரப்பிய கண்ணாடிக் குடுவை, இரண்டு முழக் குழாய் இருந்தால் போதும். காய்ந்த காற்றை எண்ணெய் ஊற்றும் வாய் வழியாகச் செலுத்தி, எஞ்சினின் மூச்சுக்குழாயான பிரீதரிலிருந்து மறுபடி குடுவைக்கே கொண்டுவந்தால் எஞ்சின் உறையான கிராங்க்கேஸுக்குள் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கும். எந்த வீவக அடுக்குமாடி வட்டாரத்து மீன்கடையிலும் பம்ப் கிடைக்கும். ஜெல்லின் நிறம் மாறியதும் அடுப்பில் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். மின்சாரம் உள்ள கொட்டகையில் நிற்கும் விமானத்துக்கு இதைவிட லாபமான பொருள் எதையும் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: கிளம்பும் முன் குழாய்களைக் கழற்றினோம் என்பதற்குப் பெரிய சிவப்பு நாடா வேண்டும், சோதனைப் பட்டியலில் ஒரு வரியும் வேண்டும்.

1977 முதல் 1980 வரை வந்த செஸ்னா 172என் வாங்குவோருக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. அதிலுள்ள ஓ-320-எச்2ஏடி எஞ்சினின் கேம், டாப்பெட் தேய்மானம் பெயர்போனது. எண்ணெயில் லைக்கமிங்கின் எல்டபிள்யூ-16702 சேர்மம் இருக்க வேண்டும் என்பது கட்டாய உத்தரவு. ஏரோஷெல் டபிள்யூ100 பிளஸ், 15டபிள்யூ-50 போன்ற சில எண்ணெய்களில் அதற்கு ஈடானது ஏற்கெனவே கலந்திருக்கிறது. அதே எஞ்சினில், எரிப்புக்கான மின்பொறியைத் தரும் இரண்டு மேக்னெட்டோவும் ஒரே உறைக்குள், ஒரே அச்சில் சுழல்கின்றன. ஒரு மேக்னெட்டோவைக் கழற்றிவிட்டு மின்னணு இக்னிஷன் போடலாம் என்ற விளம்பரம் அதற்குப் பொருந்தாது.

அடுத்து வருவது எஞ்சின் கண்காணிப்புக் கருவி. பழைய விமானத்தில் ஒரே ஒரு சிலிண்டரின் வெப்பத்தைக் காட்டும் மானிதான் இருக்கும், அதுவும் எந்தச் சிலிண்டர் என்று கேட்டால் தெரியாது. ஜேபிஐ, எலக்ட்ரானிக்ஸ் இன்டர்நேஷனல் போன்றவர்களின் கருவிகள் நான்கு சிலிண்டரின் தலைவெப்பத்தையும் புகைபோக்கு வெப்பத்தையும் தனித்தனியே காட்டிப் பதிவும் செய்கின்றன. சிங்கப்பூர் நண்பகலில் வெப்பம் 32 டிகிரி என்றால் நியம வளிமண்டலத்தின் கடல்மட்ட அளவான 15 டிகிரியைவிட 17 டிகிரி அதிகம். ஒரு டிகிரிக்கு 120 அடி என்று பெருக்கினால், கடல்மட்டத்தில் நிற்கும் விமானம் ஏறத்தாழ 2,000 அடி உயரத்தில் நிற்பது போலத்தான் மூச்சு வாங்குகிறது. எஞ்சினின் ஆற்றலில் சுமார் 6 விழுக்காடு போய்விடும், குளிர்விக்கும் காற்றும் சூடாக இருக்கும். லைக்கமிங்கின் தலைவெப்ப உச்சவரம்பு 260 டிகிரி. ஆனால் சிலிண்டர் நீடித்து உழைக்க வேண்டுமானால் 204 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். ஏறும்போது ஒரு சிலிண்டர் மட்டும் 220ஐத் தாண்டுகிறதென்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது எஞ்சினைச் சுற்றிய காற்றுத் தடுப்புகளின் ரப்பர் ஓரத்தை. முப்பது ஆண்டில் அது விறைத்து, காற்று எஞ்சினைத் தொடாமல் மேலாகத் தப்பிப்போகும். புதுச் சிலிக்கோன் பட்டைகளும் ஒருநாள் கூலியும் போதும்.

கார்புரேட்டர் எஞ்சினுக்கு வெப்ப உணரி ஒன்று கூடவே போடுங்கள். வெப்பமண்டலத்தில் பனிக்கட்டியா என்று கேட்பவர்கள் உண்டு. கார்புரேட்டரின் குறுகிய தொண்டையில் எரிபொருள் ஆவியாகும்போது வெப்பம் 30 டிகிரிக்கு மேலும் சரியக்கூடும். வெளியே 30 டிகிரியும் நல்ல ஈரமும் இருந்தால், இறங்குவதற்காக ஆற்றலைக் குறைக்கும் கணத்தில் உள்ளே உறைபனி கட்ட எல்லாம் தயாராக இருக்கிறது. ஓடுதளத்தைச் சுற்றிவந்து இறங்கும் பாதையின் இறுதித் திருப்பத்தில் எஞ்சின் தடுமாறுவதற்கு இந்த ஊரில் இது ஒரு உண்மையான காரணம்.

180 குதிரைத்திறன் எஞ்சின் மாற்றம் இங்கே பலருடைய கனவு. செஸ்னா 172எம்மின் 150 குதிரைத்திறன் எஞ்சின் மணிக்குச் சுமார் 30 லிட்டர் குடிக்கிறது. பயன்படுத்தத்தக்க எரிபொருள் 144 லிட்டர் என்பதால் ஏறக்குறைய ஐந்து மணி வரும். 180இல் மணிக்கு 38 லிட்டர் என்று வைத்தால் நான்கு மணிக்கும் குறைவு. எஞ்சின் எப்படியும் ஓவர்ஹாலுக்கு வந்திருந்தால் யோசிக்கலாம். நல்ல எஞ்சினைக் கழற்றிச் செய்யத்தக்க வேலை அல்ல. ஏறுதிறன் மட்டும் போதாதென்றால், உந்துவிசிறியின் சாய்வை உரிமம் பெற்ற பட்டறையில் இரண்டு அங்குலம் குறைத்தாலே ஓடுதளத்தில் வித்தியாசம் தெரியும். தரையில் நின்று முழு ஆற்றல் கொடுக்கும்போது வரும் சுழற்சி எண்ணிக்கை வகைச் சான்றிதழின் வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

தோள் வார், இருக்கைத் தண்டவாளம், கடல்

அமெரிக்காவில் 1978 ஜூலை 18க்குப் பிறகு தயாரான சிறு விமானங்களுக்கே முன் இருக்கைகளில் தோள் வார் கட்டாயம். அதற்கு முந்தியவற்றில் இடுப்பு வார் மட்டுமே இருக்கக்கூடும். தாழ்ந்த வேகத்தில் தரையில் மோதும் சிறு விமானத்தில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் கருவிப் பலகையில் தலை மோதுவதுதான். எஸ்டிசி உள்ள சுருள் தோள் வார்கள் கிடைக்கின்றன. எந்தத் திரைக்கும் முன்னால் வாங்க வேண்டியது இதுவே.

செஸ்னாவின் இருக்கைத் தண்டவாளம் அடுத்தது. ஊசி இறங்கும் துளை நீள்வட்டமாகத் தேய்ந்துவிட்டால் கிளம்பும் முடுக்கத்தில் இருக்கை பின்னோக்கி வழுக்கும். விமானி அனிச்சையாகக் கையிலிருக்கும் கட்டுப்பாட்டுச் சக்கரத்தை இழுப்பார், மூக்கு நிமிர்ந்து விமானம் தூக்குவிசையை இழந்து ஸ்டால் ஆகும். 2011-10-09 என்ற கட்டாய உத்தரவு 100 மணி அல்லது 12 மாதத்துக்கு ஒருமுறை இதைச் சோதிக்கச் சொல்கிறது. தண்டவாளத்தைப் புதிதாக மாற்றுவதோடு இருக்கை வழுக்கினால் பிடித்து நிறுத்தும் இரண்டாம் தடுப்பையும் பொருத்துவது நல்லது.

இங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் சிறிது நேரத்தில் கீழே கடல். தியோமானுக்கோ பாத்தாமுக்கோ போகிறவர் இதை எண்ணிப் பொருள் வாங்க வேண்டும். 121.5 மெகாஹெர்ட்ஸ் அவசர ஒலிபரப்பியைத் துணைக்கோள்கள் கேட்பது 2009 பிப்ரவரி 1இல் நின்றுவிட்டது. பழைய விமானத்தின் வாலில் அது இன்னும் கிடந்தால் மாற்ற வேண்டியது 406 மெகாஹெர்ட்ஸ் வகைக்கு. ஆனால் கடலில் விழுந்த விமானம் வாலோடு மூழ்கும், ஆன்டெனா தண்ணீருக்கு அடியில் போனபின் அந்த ஒலிபரப்பியால் பயன் இல்லை. ஆகவே உயிர்காப்பு அங்கியின் பையிலேயே கட்டிவைக்கும் தனிநபர் அவசரக் கருவி ஒன்றும் வேண்டும். அங்கி தானாக ஊதிக்கொள்ளும் வகையாக இருக்கக்கூடாது. கவிழ்ந்த அறைக்குள் அது ஊதிவிட்டால் ஆள் கதவு வழியே வெளியேற முடியாது. கயிற்றை இழுத்தால் ஊதும் வகையே சரி.

கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி சத்தம் எழுப்புவதாக இருக்கட்டும். இந்த ஊரில் யாரும் சூட்டுக்குழாயைத் திறப்பதில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று நினைக்கிறார்கள். உண்மையில் பயன்படாத வால்வு இறுகிப் பாதி திறந்தபடி நின்றுபோகும், அதற்குப் பின்னால் உள்ள மஃப்ளரில் வெடிப்பு விழுந்தால் அறைக்குள் புகை வரும். அதற்குப் பதிலாக ஒட்டிவைக்கும் நிறம் மாறும் அட்டை வெயிலில் சீக்கிரம் கெடும்.

கருவிப் பலகை: பட்டியலிலிருந்து முதலில் நீக்க வேண்டியவை

அமெரிக்காவிலிருந்து வரும் விமானங்களில் 978 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் யுஏடி வகை ஏடிஎஸ்-பி கருவி (விமானத்தின் இருப்பிடத்தைத் தானாக ஒலிபரப்புவது) இருக்கலாம். இறக்கை நுனி விளக்கோடு சேர்ந்தோ வால் விளக்கோடு சேர்ந்தோ வரும். அது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய ஏற்பாடு, இங்கே அதைக் கேட்பார் இல்லை. நமக்கு வேண்டியது 1090 மெகாஹெர்ட்ஸில் அதைச் செய்யும் 1090 இஎஸ் வகை மோட்-எஸ் டிரான்ஸ்பாண்டர், அதாவது ரேடாருக்குப் பதில் தரும் கருவி. கார்மின் ஜிடிஎக்ஸ் 335 தன் இருப்பிடத்தை அனுப்பும். 345 அனுப்புவதோடு பிறவற்றைப் பெறவும் செய்யும். 345க்குக் கூடுதல் பணம் கொடுக்கச் சொல்லும் முக்கிய ஆசை, திரையில் இலவச வானிலைப் படம் வரும் என்பது. அந்த வானிலைச் சேவை அமெரிக்கத் தரை நிலையங்களிலிருந்து வருவது, ஜோகூர் மேல் எழும் இடிமேகத்தை அது காட்டாது. தரை நிலையம் திருப்பி அனுப்பும் போக்குவரத்துத் தகவலும் அப்படியே. 345 இங்கே காட்டுவது நேரடியாக 1090இல் தன்னை அறிவித்துக்கொள்ளும் விமானங்களை மட்டுமே. சாங்கி, பாய லேபார், செனாய் என்று விமான நிலையங்கள் நெருங்கிக் கிடக்கும் வானத்தில் அதற்கும் மதிப்பு உண்டு, ஆனால் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

துணைக்கோள் வழிகாட்டியில் விற்பனையாளர் அழுத்திச் சொல்லும் சொல் எல்பிவி. செங்குத்து வழிகாட்டலோடு இறங்கும் அந்த முறைக்கு வேண்டிய அமெரிக்கத் திருத்தச் சமிக்ஞையின் எல்லைக்குள் சிங்கப்பூர் இல்லை. அதற்காக வழிகாட்டியே வேண்டாம் என்று பொருளல்ல. சிலேத்தாரில் ரேடியோக் கற்றையால் ஓடுதளத்துக்கு வழிகாட்டும் ஐஎல்எஸ் கொண்டுவரும் திட்டம், நீரிணைக்கு அப்பாலுள்ள பாசிர் கூடாங் பற்றிய மலேசியாவின் ஆட்சேபத்தால் 2019இல் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக ஜிபிஎஸ் அடிப்படையில் இறங்குமுறை உருவாக்க இரு நாடுகளும் ஒப்புக்கொண்டன. ஆகவே பழைய ஐஎல்எஸ் மானியைப் பழுதுபார்க்கச் செலவிடுவதைவிட, இறங்குமுறைக்குச் சான்று பெற்ற ஜிபிஎஸ் பெட்டிக்குச் செலவிடுவதே இங்கே பொருத்தம். 1998இல் வந்த கார்மின் ஜிஎன்எஸ் 430 இன்னும் ஓடுகிறது, ஆனால் திரை உள்ளிட்ட பாகங்கள் தீர்ந்து வருவதால் நிறுவனம் பழுதுபார்ப்பைக் குறைத்துக்கொண்டுள்ளது. அதன் தட்டிலேயே செருகும் அவிடைன் ஐஎஃப்டி 440, அல்லது முழுப் புதுக் கம்பியோடு கார்மின் ஜிடிஎன் 650எக்ஸ்ஐ என்று இரண்டு வழி இருக்கிறது. எதை வாங்கினாலும் தரவுத்தளத்தின் வட்டாரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்க விமானத்தில் அமெரிக்கத் தரவுதான் இருக்கும். நமக்கு ஆசிய பசிபிக் பகுதி வேண்டும், அது 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் சந்தா. 8.33 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி ரேடியோவும் ஐரோப்பாவின் தேவையே. விமானத்தை அங்கே விற்கும் எண்ணம் இல்லையென்றால் அதற்காகக் கூடுதல் வெள்ளி கொடுக்க வேண்டாம்.

கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம் என்று சொல்லத்தக்க ஒன்று, சுழலி மானிகளைக் காற்றுறிஞ்சி இயக்கும் வேக்கம் பம்ப். உலர் பம்பின் கரித்தகடுகள் முன்னறிவிப்பு இல்லாமல் உடையும். அதோடு சாய்வுமானியும் திசைமானியும் ஒன்றாகச் சாய்ந்து, மேகத்துக்குள் இருக்கும் விமானியைப் பொய்த் தகவலால் ஏமாற்றும். கார்மின் ஜி5 அல்லது ஜிஐ 275 மின்னணு மானி இரண்டு போட்டால் பம்பையே கழற்றிவிடலாம். ஜி5இன் துணை பேட்டரி நான்கு மணி வரை தாங்கும், ஜிஐ 275இன் பேட்டரி ஒரு மணி அளவுக்கு.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய ஆட்டோபைலட் எதிலிருந்து தகவல் பெறுகிறது என்று பார்க்காமல் மானிகளைக் கழற்றிவிடுவார்கள். எஸ்-டெக் வகை திருப்பமானியை நம்பி இயங்குகிறது, அதைக் கழற்றினால் ஆட்டோபைலட் செயலிழக்கும். கிங் கேஎஃப்சி 150 போன்றவை வேக்கத்தில் ஓடும் சாய்வுமானியிலிருந்து சமிக்ஞை எடுக்கின்றன. அங்கே ஜி5 உதவாது, சமிக்ஞை வெளியீடு உள்ள ஜிஐ 275 வகைதான் வேண்டும். திசைமானியிலிருந்து தகவல் பெறும் பழைய செஸ்னா ஆட்டோபைலட்டுகளுக்கு ஜி5ஓடு ஜிஏடி 29பி என்ற இணைப்புப் பெட்டி போட வேண்டும். விலைப்பட்டியலில் அது விட்டுப்போனால் விமானம் பட்டறையில் பிரிந்து கிடக்கும்போது நினைவுக்கு வரும். புது ஜிஎஃப்சி 500 ஆட்டோபைலட் அருமையான கருவிதான். ஆனால் வார இறுதியில் ஒரு மணி உள்ளூரில் சுற்றி வருபவருக்கு அது அவசரத் தேவை அல்ல.

மின்சாரமும் கம்பியும்

ஆல்டர்னேட்டரின் தொடர்ச்சியான சுமை அதன் திறனில் 80 விழுக்காட்டைத் தாண்டாமல் வைத்துக்கொள்ள வேண்டும். 60 ஆம்பியர் என்றால் 48. பழைய 100 வாட் இறங்கு விளக்கு மட்டுமே 13 வோல்ட்டில் ஏறத்தாழ 8 ஆம்பியர் இழுக்கும், ஆயுளோ 25 மணி. எல்இடியாக மாற்றினால் மூன்று ஆம்பியருக்குள் முடிந்துவிடும், அதை நாள் முழுக்க எரிய விட்டே பறக்கலாம். நிலநடுக்கோட்டுக்கு அருகில் மாலை மங்கி இருட்டுவதற்கு இருபது நிமிடம்தான் ஆகிறது என்பதால் நல்ல விளக்கு ஆடம்பரம் இல்லை. எல்இடி மாற்றியபின் ரேடியோவில் இரைச்சல் வருகிறதா என்று தரையிலேயே ஒவ்வொரு விளக்காகப் போட்டுக் கேளுங்கள். மலிவான விளக்குகளின் மின்சுற்று விஎச்எஃப் அலைவரிசையில் சீறும்.

பலகையைத் திறந்த நாளிலேயே பழைய பிவிசி உறைக் கம்பிகளையும் வெப்பம் தாங்கும் டெஃப்செல் உறைக் கம்பியாக மாற்றிவிடுவது நல்லது. வெப்பத்தில் பிவிசி இறுகி வெடிக்கும், எரிந்தால் நச்சுப்புகை கக்கும். எதற்கும் போகாமல் தொங்கும் கம்பிகளை வெட்டி மூடிவைப்பதற்குப் பதிலாக உருவி எடுக்கச் சொல்லுங்கள். கூலி கூடும், ஆனால் ஐந்தாண்டு கழித்துப் பழுது தேடும் எஞ்சினியரின் பாதி நேரம் மிச்சம். பூமியிணைப்புகளைத் தேய்த்து வெள்ளி போல் மின்னும் உலோகத்தில் இறுக்க வேண்டும். உப்புக் காற்றில் மங்கிப்போன ஒரு பூமியிணைப்பு எரிபொருள் மானியை ஆடவைக்கும், ரேடியோவைக் கரகரக்கவைக்கும், புதுக் கருவி பழுது என்று திருப்பி அனுப்பவும் வைக்கும். பேட்டரி மூடிய வகையாக இருக்கட்டும், அமிலம் சிந்தும் பழைய வகை பேட்டரிப் பெட்டியைத் தின்றுவிடும்.

வெயிலில் பூட்டி நிற்கும் விமானத்தின் அறைக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தொடலாம். திரைகளுக்குப் பின்னால் குளிர்விசிறி பொருத்தச் சொல்வதும், நிழல் தரும் உறை வாங்குவதும் திரையின் விலையோடு சேர்ந்த செலவு.

தாள் வேலை

எந்தப் பொருளும் அதற்குரிய வெளியீட்டுச் சான்றோடு வர வேண்டும். அமெரிக்கப் படிவம் 8130-3, ஐரோப்பியப் படிவம் 1, சிங்கப்பூரின் ஏடபிள்யூ 95 ஆகியவை வழக்கமானவை. இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும் பழைய ரேடியோவில் அந்தத் தாள் இல்லையென்றால் அதைப் பொருத்த எந்த உரிமம் பெற்ற எஞ்சினியரும் கையெழுத்திட மாட்டார். எஸ்டிசியில் உங்கள் விமானத்தின் சரியான மாதிரி எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். 172எம்முக்கு உள்ளது 172என்னுக்கு இருக்கும் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் எளிய நடைமுறையில் அனுமதிக்கும் சில கூடுதல் பாதுகாப்புக் கருவிகள் 9வி என்று தொடங்கும் சிங்கப்பூர்ப் பதிவுக்குத் தானாக வந்துவிடாது. பணம் கொடுப்பதற்கு முன்பே சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் ஏற்பைப் பட்டறையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பதிவை மாற்றும்போது இரண்டு எண்கள் அடிக்கடி மறந்துபோகின்றன. டிரான்ஸ்பாண்டரின் 24 பிட் முகவரி அமெரிக்காவுக்கு உரியதாகவே கிடந்தால் கட்டுப்பாட்டாளரின் திரையில் வேறொரு விமானமாகத் தெரியும். சிங்கப்பூர் முகவரிகள் பதினாறு அடிமான எண்ணில் 76 என்று தொடங்கும். 406 ஒலிபரப்பிக்குள்ளும் நாட்டுக் குறியீடு இருக்கிறது, சிங்கப்பூருக்கு 563 முதல் 566 வரை. அதைத் திரும்ப எழுதாவிட்டால் ஆபத்தில் ஒலிக்கும் அழைப்பு முதலில் அமெரிக்காவில் பழைய உரிமையாளரைத் தேடிப் போகும்.

வேலையெல்லாம் முடிந்ததும் விமானத்தைத் தராசில் ஏற்றி எடைபோடச் சொல்லுங்கள். நாற்பது ஆண்டாகத் தாளில் கூட்டியும் கழித்தும் வந்த எடை உண்மையோடு ஒத்துப்போவது அரிது. 172எம்மின் மொத்த எடை வரம்பு 1,043 கிலோ, அதில் ஆட்களுக்கும் எரிபொருளுக்கும் சேர்த்து 400 கிலோவுக்கு அண்மையில்தான் மிஞ்சும். கழற்றிப்போட்ட ஏடிஎஃப் எனும் பழைய ரேடியோ திசைகாட்டி, வேக்கம் பம்ப், பழைய ரேடியோக்கள், செத்த கம்பிக் கட்டு எல்லாம் சேர்ந்து, புதிதாகப் போட்டவற்றின் எடை போக, பத்து கிலோ குறைந்திருந்தால் அது 14 லிட்டர் எரிபொருளுக்குச் சமம், ஏறக்குறைய அரை மணி நேரப் பறப்பு.